ஜீப் நிறையும்வரை ஓடிய படங்கள்

நாம் காத்திருந்த அந்த ஆவணப்படம் இன்று காலை போனில் முழுதாக இறங்கிவிட்டது. ஊர் ஊராகப் போய்ப் பாடும் திருநங்கைகள் குழுவைப் பற்றியது. முன்னோட்டத்தில் ஒருத்தி ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டே சிரிப்பாளே, அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வாய். நான் படத்தைத் திறக்கவில்லை. கடையைத் திறந்தேன், வந்தவர்களுக்கு ரீசார்ஜ் செய்தேன், டீ குடித்தேன். டீயில் சர்க்கரை இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

நீ போனதிலிருந்து இப்படித்தான். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி எல்லாம் மரத்துக் கிடக்கிறது.

ஆலங்காயத்தில் என் செல்போன் கடைக்கு எதிரேதான் ஜீப்பை நிறுத்துவாய். மலைமேல் உன் ஊர்ப்பக்கம், நெல்லிவாசல்நாட்டுக்குப் போகிற ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். அந்தக் காத்திருப்பு மற்ற டிரைவர்களுக்குச் சீட்டாட்டம், நமக்கு சினிமா. ஸ்டியரிங்கில் என் போனைச் சாய்த்து வைப்போம். கீழே ஓடும் ஆங்கில எழுத்தை நான் படித்துத் தமிழில் சொல்வேன். நீ பாதிதான் காதில் வாங்குவாய். "பேசறத வுடுபா, தாளத்தக் கேளு" என்பாய்.

ரெண்டு ஆண்கள் காதலிக்கிற படமென்றால் உனக்கு முன்கூட்டியே பயம். கடைசியில் எவனாவது செத்தால் என்னைத்தான் திட்டுவாய். "இன்னாபா இது, நம்மாளுங்கள சாவடிக்காம ஒருத்தனுக்கும் படம் எடுக்கத் தெரியாதா? ரெண்டு பேரும் வூட்டுக்குப் போய் சோறு துன்னாங்கன்னு முடிச்சா இன்னா?" அதனால்தான் ஆவணப்படங்களுக்கு மாறினோம். வயதான இரண்டு பெண்கள், சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து பாட்டுக் கட்டி, சமையலறையில் சண்டை போடுவார்களே, அந்தப் படம் என்றால் உனக்கு உயிர்.

அதைப் போட்டிருந்தபோது, புளி விற்றுவிட்டு வெறுங்கூடையோடு பின்சீட்டில் ஏறியிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். உங்கள் மலைக்காரிதான். "யார் வூட்டுப் பொம்பளைங்க தம்பி இதுங்க?" என்றாள். நான் போனை அணைக்கக் கை நீட்டினேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டி மாதிரிக்கா. பாட்டுக்காரங்க" என்றாய். அவள் இன்னும் முன்னால் சாய்ந்தாள். "குட்டையா கீதே, அது நல்லா பாடுது. சத்தமா வை" என்றாள். அன்று ஜீப் நிறைந்த பிறகும் பாட்டு முடியும்வரை நீ சாவியைத் திருப்பவில்லை.

காய்ச்சல் என்று படுத்தாய். இன்னொரு ஜீப் டிரைவர் எனக்குப் போன் செய்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மலையேறி வந்தேன். பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். உன் அண்ணன் மரியாதையாகத்தான் கேட்டார், "நீங்க யாருங்க?" என்று. "ஆலங்காயத்துல கடை வச்சிருக்கேங்க. சிநேகிதம்" என்றேன். உன் வீட்டில் வேறென்ன சொல்ல? வெளியூர்க்காரர்களோடு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

காரியத்தன்றும் மலையேறி வந்தேன். உறவுக்காரர்கள் துக்கப்பட்டவர்களுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுத்தார்கள். உன் அம்மாவுக்கு, அண்ணனுக்கு, நீ பேச்சையே நிறுத்தியிருந்த மாமன் மகனுக்குக்கூட. நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு கீழே இறங்கினேன். நமக்குள் இருந்தது நம் இருவருக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். நீயும் போய்விட்டால், அது நடந்தது என்று சொல்ல இனி யார்? ஜீப்பில் வரும்போது இது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. கோபம்கூட வரவில்லை.

நேற்று அந்தப் புளிக்கார அக்கா கடைக்கு வந்தாள். ரீசார்ஜுக்கு என்று நினைத்து நம்பர் கேட்டேன். மஞ்சள் பையிலிருந்து மடிப்புக் கலையாத துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இன்னாக்கா இது?"

"உனக்கு யாரும் துணி எடுக்கலல்ல. காரியத்துல நானும் பாத்துனுதான் இருந்தேன். அவங்களுக்கு இன்னா தெரியும், பாவம். போட்டுக்க தம்பி."

அவ்வளவுதான். ஜீப் நிறைந்துவிடும் என்று போய்விட்டாள். நான் அப்போதும் அழவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடையைச் சாத்தினேன். டீக்கடை அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாபா, புதுத் துண்டு?"

"எங்க வூட்ல ஒருத்தரு தவறிட்டாருண்ணே" என்றேன்.