கீழ்த்தளத்தில் ஒரு வளைவு

மொன்றியல்,
பங்குனி மாதம், ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள பாலாம்பிகை மச்சாளுக்கு,

நானும் உங்கள் தம்பி ரதீசனும் நல்ல சுகம். உங்கள் முழங்கால் எப்படி என்று கேட்டுத்தான் தொடங்கவேண்டும். ஆனால் அந்த முழங்காலில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். விசா குத்தி வந்து எவ்வளவு நாளாகிவிட்டது! பிளேன் ரிக்கற் போட நீங்கள் இன்னும் ஓம் சொல்லவில்லை. போனில் அந்தக் கதையை எடுத்தால் உடனே "பிள்ளை, அடுப்பிலை கறி கிடக்கு, வைக்கிறன்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்கமுடியாது. என்னோடு வேலை செய்கிற சிவமலர் அக்கா வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் வருகிறா. அவவிடம் இதையும் ஒரு பை சொக்லேற்றும் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை முதலில் பிரியுங்கள்.

இங்கே பனி இன்னும் கரைந்து முடியவில்லை. இவருக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை, எனக்குக் கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரிச் சமையலறை. கிழமை நாட்களில் ஒருவர் வர மற்றவர் போவதுதான். சனி, ஞாயிறு என்றால் சனம் கலியாணவீடு, பிறந்தநாள் என்று பட்டுச்சேலையோடு வெளிக்கிட, நாங்கள் கிழிந்த உடுப்போடு கீழ்த்தளத்துக்கு இறங்குவோம். இந்த ஊர் வீடுகளுக்கு அடியில் ஒரு தளம் இருக்கும், பேஸ்மென்ட் என்பார்கள். எங்களுடையது ஈரக் கார்ப்பெட் நாற்றமும் சிலந்தி வலையுமாகக் கிடந்தது. இலை கொட்டத் தொடங்கிய நாளிலிருந்து அதைத்தான் உங்களுக்கு ஒரு அறையாக்கிக்கொண்டு இருந்தோம்.

அந்தக் கூத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும் மச்சாள். உங்கள் தம்பி அளப்பார், நான் வெட்டுவேன். பலகை கட்டையாகப் போனால் வெட்டினவளில் பிழை, சரியாகப் பொருந்தினால் அளந்தவர் கெட்டிக்காரன். சுவருக்கு அடிக்கிற ஜிப்ரொக் பலகையைத் தேய்க்கும்போது மாவாகக் கொட்டும். இரண்டு பேரும் தலை நரைத்த கிழடுகள் மாதிரி நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்திருக்கிறோம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் சத்தம் கேட்டு வந்து, பிரெஞ்சில் ஏதோ ஏசிவிட்டு, பலகை அறுக்கிற தன்னுடைய வாளைத் தந்துவிட்டுப் போனார். கலியாணம் கட்டி இவ்வளவு வருசத்தில் நாங்கள் இப்படிச் சேர்ந்து இருந்ததில்லை. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் நல்ல சந்தோசமாக இருந்தேன்.

ஒரு விசயத்தில் மட்டும் சண்டை வந்தது. படியால் இறங்கினால் நேரே அறைக்குள் போகலாம், அப்படித்தான் இடம் இருந்தது. இவர் அதற்குக் குறுக்கே ஒரு சுவரை எழுப்பி, ஒருதரம் இடப்பக்கம் திரும்பி, பிறகு வலப்பக்கம் திரும்பித்தான் உள்ளே போகலாம் என்று வைத்துவிட்டார். ஏனப்பா இந்த வளைவு என்று கேட்டேன். முதலில் "குளிர் நேரை உள்ளுக்கை போகாது" என்றார். அடுத்த கிழமை "அக்காவுக்கு ஒரு மறைப்பு வேணுமெல்லோ" என்றார். கடைசியில் "வாசல் நேரை இருக்கக்கூடாதப்பா, விடுமன்" என்று சினந்தார். யார் சொன்னது என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. உங்கள் தம்பி பிடித்தால் பிடிதான், எனக்குச் சொல்லவா வேண்டும்? நானும் விட்டுவிட்டு வளைவுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தேன்.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை உங்களுக்கென்று வாங்கிய கட்டில் வந்தது. இவருடைய கூட்டாளி அம்புறோஸ் அண்ணை பிடித்துவிட வந்தார். அவர் முல்லைத்தீவுக்காரர், தச்சுவேலை நன்றாகத் தெரியும். தலைமாட்டுப் பலகை ஒரே துண்டு. படியால் இறங்கியது, வளைவில் போய்ச் செருகிக்கொண்டது. சரித்தார்கள், நிமிர்த்தினார்கள், முன்னுக்கும் போகாது பின்னுக்கும் வராது. பலகைக்கும் சுவருக்கும் நடுவில் அம்புறோஸ் அண்ணையின் வண்டி வயிறு வேறு! எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனது. ஒருமாதிரி வெளியே வந்து மூச்சு வாங்கிய மனுசன் சுவரை மேலும் கீழும் பார்த்தார். "டேய் ரதீசன், நீ பங்கருக்கெல்லோடா வாசல் வைச்சிருக்கிறாய்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நாங்கள், என் பிறந்த வீட்டார், திருகோணமலைப் பட்டணத்து ஆட்கள், சத்தம் கேட்டால் கோயிலுக்கு ஓடினோம், சேர்ச்சுக்கு ஓடினோம், நிலத்துக்குள் பதுங்குகிற பங்கர் வெட்டியதில்லை. செல் வெடித்துச் சிதறுகிற துண்டு நேரே பாயாமல் இருக்கத்தான் பங்கர் வாசலை வளைத்து வெட்டுவது என்று அம்புறோஸ் அண்ணைதான் சொன்னார். உங்களுக்கு அது சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று பேரும் திரும்பவும் சிரித்தோம். பார்த்தால், இவருடைய சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. கடைசிப் படியில் போய் இருந்துவிட்டார். அம்புறோஸ் அண்ணை காரில் ஏதோ எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு மேலே போனார், பிறகு வரவேயில்லை.

அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார் மச்சாள். குண்டு போடப் பிளேன் வந்த அன்று வீட்டில் நீங்களும் அவரும் மட்டும் இருந்ததை. பங்கருக்குள் போன பிறகு வாசல் இடிந்து மூடியதை. இருட்டுக்குள் நீங்கள் சட்டி மூடியால் மண்ணைப் பிறாண்டிக்கொண்டே, அவரை வாய்ப்பாடு சொல்லச் சொன்னீர்களாம், சத்தம் நின்றால் பயமென்று. ஏழாம் வாய்ப்பாட்டில் பிழைவிட்டதற்கு அந்த மண்ணுக்குள்ளேயும் ஏசினீர்களாம். வெளிச்சம் தெரிந்ததும் முதலில் அவரைத்தான் தள்ளினீர்களாம். உங்கள் வலது கை விரல்கள் நேராகாமல் போனதும் அதிலேதானாம். எங்கள் கலியாணப் படத்தில் நீங்கள் அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன். ஐயோ மச்சாள், எனக்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லையே!

அதற்குப் பிறகுதான் உங்கள் முழங்கால் எனக்கு விளங்கியது. கார்த்திகையில் இவர் போனைத் தூக்கிப்பிடித்து, "அக்கா, இதுதான் உங்கடை அறை" என்று கீழ்த்தளத்தைக் காட்டினாரே, நீங்கள் "நிலத்துக்குக் கீழையோ?" என்று கேட்டுவிட்டுப் போனை வேறு பக்கம் திருப்பினீர்கள். அதற்கு முன் முழங்கால் நோ என்று நீங்கள் சொன்னதேயில்லை. பிறகு கோயில் திருவிழா வந்தது, பிறகு நாய் குட்டி போட்டது. மச்சாளுக்கு என்னோடு இருக்க விருப்பமில்லை, அதுதான் சாட்டுச் சொல்கிறா என்று நான் இவரோடு சண்டையே பிடித்தேன். இவர் குனிந்து ஆணி அடித்துக்கொண்டேயிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை சுவரை உடைத்தோம். முதல் அடி அவர்தான் அடித்தார். எத்தனை கிழமை வேலை! ஆனால் உடைக்க ஒரு காலைப்பொழுதுகூடப் போகவில்லை. இப்போது படியில் நின்றால் அறையின் ஜன்னல் நேரே தெரிகிறது. ஆனால் எவ்வளவு வெள்ளை அடித்தாலும் அது நிலத்துக்குக் கீழேதான், அதை நானும் அவரும் மாற்றமுடியாது. அதனால் ஒரு முடிவெடுத்தோம். கீழே நாங்கள் இரண்டு பேரும் படுக்கிறோம். மேலே தெருப்பக்கம் இருக்கிற எங்கள் அறை உங்களுக்கு. பெரிய ஜன்னல், முன்னுக்கு மேப்பிள் மரம், கதவை விருப்பம்போலத் திறந்து வைத்துப் படுக்கலாம். எங்களுடைய சாமான்களைக் கீழே இறக்கியாயிற்று. ஆகவே இடமில்லை என்றோ எங்களுக்குக் கரைச்சல் என்றோ சொல்ல நினைக்காதீர்கள்.

இவர் கீழே படுப்பாரோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. இன்றைக்கு மத்தியானம் இறைச்சிக்கறியோடு சாப்பிட்டுவிட்டுச் சும்மா சாய்கிறேன் என்று போனவர், இப்போது குறட்டை விட்டு நித்திரை. நான் மேலே அடுப்படி மேசையில் இருந்து எழுதுகிறேன், அவ்வளவு தூரம் கேட்கிறது.

மச்சாள், இதை அவர் எழுதச் சொல்லவில்லை, எழுதுவது தெரியவும் தெரியாது. அந்தக் கையோடு அக்கா கலியாணமில்லாமல் தனித்துப்போனது தன்னால்தான் என்று இந்த மனுசன் இவ்வளவு காலமும் உள்ளுக்குள் வைத்திருக்கிறார். இல்லையென்று நான் சொன்னால் தலையாட்டுகிறார், நம்பவில்லை. நீங்கள் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, பழைய கதை எதுவும் எடுக்கவும் வேண்டாம். நீங்கள் ஒரு படிகூடக் கீழே இறங்கவேண்டாம். வாருங்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், மேலே படி வாசலில் நின்று, "தம்பி, சாப்பிட வா" என்று கூப்பிடுங்கள். அவர் ஒருவரும் தள்ளாமல் சும்மா நடந்து மேலே ஏறி வருவதை நீங்கள் உங்கள் கண்ணால் பார்க்கவேண்டும்.

நாச்சிமார் அம்மன் உங்களை நல்ல சுகத்தோடு இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் ஒரு ஓமுக்காகப் பார்த்திருக்கும்,
ஜெயமதி