மதில் வரை போகும் தடம்

என் அருமை மச்சான் அருளுக்கு,

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புகிற உன் பழக்கம் சாகும்போதும் உன்னை விடவில்லை. பூந்தமல்லி தாண்டி நாம் எடுத்த கல்லூரி வளாகத்துக்குப் பாதை போடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தாய். அம்பத்தூர் ஆபீசில் உன் டேபிளை இன்னும் யாரும் தொடவில்லை. உன் தங்கச்சி ஸ்டெல்லா தொட விடவில்லை.

"மொதல்ல பாதை போடாத மாப்ளே. பசங்க நடக்கட்டும். புல்லு எங்க தேயுதோ அங்க கல்லு பதிக்கலாம்" என்றாய். அப்படியே செய்தேன். கேன்டீனுக்கு ஒரு தடம், லைப்ரரிக்கு ஒன்று, பஸ் நிற்கும் இடத்துக்கு ஒன்று. எல்லாவற்றிலும் கல் பதித்தாயிற்று.

ஒன்று மட்டும் பாக்கி. வொர்க்‌ஷாப்புக்குப் பின்னால் வளைந்து, புங்கமரத்தடி வரை போய் மதிலில் முட்டி நிற்கிறது. அது நீ நடந்த வழி. வேலைக்கு நடுவில் காணாமல் போவாயே, "எங்க போய்த் தொலைஞ்ச மச்சான்?" என்று நான் கத்துவேனே, அதுதான்.

வாட்ச்மேன் முனுசாமி உன் அடக்கத்துக்கு அப்புறம்தான் வாயைத் திறந்தார். "சாரு அந்த மரத்தாண்ட போயி, நெஞ்சப் புடிச்சிகினு தரைல குந்திகினு இருப்பாரு. யாராண்டயும் சொல்லாதேன்னாரு சார்." எங்களிடம் மறைக்க அந்தச் சுவர்தான் கிடைத்ததா உனக்கு?

ஐப்பசி மழையில் வளாகம் முழுக்கப் புல் மண்டியது. உன் தடத்தில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. நீ போய் மாதக்கணக்காகிறது, யார் நடக்கிறார்கள்? சிரிக்காதே, எனக்குப் பயமாக இருந்தது. ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "அண்ணன் நடந்தா நடந்துட்டுப் போவட்டும், உங்களுக்கு இன்னா?" என்று அழுதாள்.

ஒரு சாயங்காலம் துணிந்து போனேன். மரத்தடியில், நீ குந்திய இடத்தில், ஒரு முதுகு. சத்தியமாக நீதான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தது ஒரு ஹாஸ்டல் பெண். முகமெல்லாம் கண்ணீர்.

"ஒண்ணுமில்ல சார். ரூம்ல அழ முடியாது" என்றாள்.

தினமும் யாராவது ஒருத்தர் இப்படி வருகிறார்களாம். முனுசாமிதான் சொன்னார்.

அங்கே ஒரு பெஞ்சு போட வேண்டும் என்று பிரின்சிபாலிடம் கேட்டேன். "மறைவான மூலையே இருக்கக் கூடாது சேவியர். ஜோடி ஜோடியா வந்து உட்காருவாங்க. அந்த வழிய மூடிருங்க" என்று ஒரே பிடியாக நின்றார். மூடினால் உன்னை இன்னொரு தடவை புதைக்கிற மாதிரி. விடுவேனா?

உன் டேபிளில் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஸ்டெல்லா தடுக்கவில்லை. ஒரே ஒரு ஆள் உட்காரும் அகலத்தில், மதிலைப் பார்த்தபடி ஒரு கல் இருக்கை வரைந்தேன். "இதுல எப்படி சார் ஜோடி உட்காரும்?" என்று பிரின்சிபாலிடம் நீட்டினேன். மனுஷன் சிரித்துவிட்டார். கையெழுத்தும் போட்டார்.

நேற்று இருக்கையைப் பதித்தோம். ஸ்டெல்லாதான் முதலில் உட்கார்ந்து பார்த்தாள். "அண்ணன் வெறுந்தரைல இல்ல உக்காந்துச்சு" என்றாள், சுவரைப் பார்த்து. நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

சாயங்காலமானால் வொர்க்‌ஷாப் பக்கமிருந்து இன்னும் ஒரு முதுகு தெரிகிறது மச்சான். யாருடையது என்று கிட்டே போய்ப் பார்க்க மாட்டேன். உன்னைத் தேடி இனிமேல் கத்தவும் மாட்டேன், இது சத்தியம். வலி அடங்கும்வரை உட்கார்ந்துவிட்டு மெதுவாக எழுந்திரு.

உன்னை இன்னும் தேடுகிற,
உன் தங்கச்சி புருஷன்,
சேவியர்