ஆம்புலன்ஸில் ஏறிய நான்கு காவலர்கள்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, கலவர ஊரடங்கில் வீட்டோடு கிடந்து என் அடுப்படியைத் திருத்திக்கொண்டிருக்கிறார். சித்தப்பா உன்னிடம் ஊதிப் பெருக்கியிருப்பார், நடந்ததை நானே சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸில் நான்கு காவலர்கள் லத்தியோடு ஏறி, மறியல் செய்த கூட்டம் நோயாளி வண்டி என்று நம்பி வழிவிட்ட சந்துக்குள் போய் ஆறு பேரைப் பிடித்தார்கள். வண்டி எடுத்தால் யாருக்கு என்ன நோய் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுவது தலைமைச் செவிலியான என் வேலை. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் வந்து, நாலு பேருக்கும் வயித்துப்போக்குன்னு எழுதிடுங்க சிஸ்டர், யாரு சோதிக்கப் போறா என்றார். வெள்ளைக் கோட்டில் ஒரு கசங்கல் இல்லை, முதுகெலும்பைத்தான் சலவைக்குப் போட்டுவிட்டார் போல. நோயாளி இல்லை, காவலர் நால்வர், லத்தி நான்கு என்று எழுதினேன். கிளம்பும்போதே குறுக்கே நின்றிருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு பார்த்தேன், அந்த வெட்கம் எனக்கு உண்டு.

மறுநாள் சந்துக்காரர்களின் வீரம். தீக்காயத்தோடு ஒரு பெண்ணை ஏற்றிவந்த வண்டியை மறித்துக் கண்ணாடியை நொறுக்கி, உள்ளே காவலர்களைத் தேடினார்களாம். அவளுக்கு முக்கால் மணி நேரம் போனது, இன்னும் கண் திறக்கவில்லை. நொறுக்கிய சூரன் ஒருவன் உள்ளங்கை கிழிந்து என்னிடமே வந்து, மெதுவாக் கட்டுங்கக்கா, எரியுது என்றான். சுத்தமாகத்தான் கட்டினேன், ஆனால் அவன் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

இப்போது அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வயிற்றுப்போக்கு என்று புதிதாக எழுதாவிட்டால் விசாரணை, வேலையும் போகும் என்கிறார் கண்காணிப்பாளர். ஒரு தாள்தானே அண்ணி என்கிறார் சித்தப்பா. கிழிச்சிடும்மா என்று நீயும் எழுதியிருக்கிறாய், இவனையா பெற்றேன் என்றிருந்தது. எங்கள் டிரைவர் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறார். நேற்று மறுபடி வண்டியை மறித்தவர்களிடம், சிஸ்டர் மறைக்காம எழுதியிருக்காங்க பாருங்கடா, இப்ப உள்ள படுத்திருக்கிறது மாரடைப்பு வந்த மனுசன் என்று காட்டித்தான் வழி வாங்கினார். திங்கட்கிழமை விசாரணைக்குப் பதிவேட்டை முழுதாகக் கொண்டுபோகிறேன்.

ஆயுசோடும் துணிவோடும் இரு. குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. கிழி என்று மறுபடி எழுதினால் பதில் வராது.

உன் அம்மா