குணாவின் முன்பிரேக்

என் அன்பு மச்சான் குணாவுக்கு,

நீ போய் ஒன்பது மாதமாகிறது. வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து செனாவாங்கில் வேலைக்குப் போகிற வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் உன்னோடு பேசிக்கொண்டுதான் மோட்டார் ஓட்டுகிறேன். ஆனால் இப்போது உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அது எழுதினால்தான் வரும் போலிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் சைக்கிளை எடுத்தேன். நானாகக் கேட்கவில்லை. "சும்மா நின்னு துருப்பிடிக்குதுண்ணே. செம்பனைத் தோட்டத்துல ஒரு ரவுண்டு போயிட்டு வாயேன்லா," என்று செல்விதான் மூடியிருந்த பெட்ஷீட்டை விலக்கினாள். என் தங்கச்சி சொன்னால் நான் மாட்டேன் என்பேனா? சீட்டுக் கம்பியில் உன் உயரத்துக்கு நீ மார்க்கரில் போட்ட கோடு அப்படியே இருந்தது. நான்தான் குட்டையாயிற்றே, இரண்டு விரல் இறக்கினால்தான் கால் எட்டும். இறக்கினேன். உன் கோடு குழாய்க்குள் மறைந்துபோனது எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறுதோறும் இரண்டு பேரும் தோட்டத்தில் சைக்கிள் ஓட்டியபோது நாம் போட்ட சண்டையெல்லாம் ஞாபகம் இருக்கிறதா? கடையில் புதிதாக எது வந்தாலும் எனக்கு வேண்டும். காலோடு பெடலில் பூட்டிக்கொள்ளும் சப்பாத்து, முதுகில் தண்ணீர்ப் பை, பஞ்சு வைத்த கால்சட்டை. நீயோ பால்மரம் வெட்டப் போகிறவர்கள் மாட்டும் கறுப்பு ரப்பர் சப்பாத்தோடு, பழைய காற்பந்து ஜெர்சியில், பாட்டில் நிறைய ஐஸ் போட்ட பார்லித் தண்ணீரோடு வந்து நிற்பாய். "உன் சப்பாத்து போட்டா விழும்போது சைக்கிளும் கூட விழும். எனக்குத் தனியா விழத் தெரியும்லா," என்பாய்.

டயர் விஷயத்தில் இன்னும் மோசம். நான் கல்லு மாதிரி காற்றடித்து வைத்திருப்பேன். நீ பெருவிரலால் அமுக்கிப் பார்த்து, செம்மண்ணுக்கு இவ்வளவு காற்று எதற்கு என்று வால்வை அழுத்திவிடுவாய், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்! எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். போன ஞாயிறு நானே பாதிக் காற்றை விட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

நீ போவதற்கு முன் வந்த கடைசி ஆயுத பூஜையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. செல்வி கார், மோட்டார், அரிவாள்மனை, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு நம் சைக்கிள்களிடம் வந்தாள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய கையோடு சந்தனத்தைக் குழைத்தாள். உன் முன்சக்கரத்தின் நடுவே பளபளவென்று ஒரு வட்டத் தகடு. பொட்டு வைக்க அதைவிட லட்சணமான இடம் எது? பிரேக் கட்டைகள் கவ்விப் பிடிக்கிற தகடு அது என்று அவளுக்கு யார் சொன்னது? சொல்ல வேண்டிய நாம் இரண்டு பேரும் சுண்டல் தின்றுகொண்டிருந்தோம்.

சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கம்பீரமாகப் புறப்பட்டாய். தெருமுனையில் பிரேக்கைப் பிடித்தாய். அப்படி ஒரு கீச்சல்! நாலு வீட்டு நாய்கள் குரைத்தன. நான் சிரித்த சிரிப்பில் என் சைக்கிளிலிருந்து விழப் பார்த்தேன்.

தகட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினாய், மண்தாளால் தேய்த்தாய். ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய் கட்டைக்குள் இறங்கிவிட்டது, புதுக்கட்டைதான் போட வேண்டும் என்று நான் சொன்னேன். "செல்விகிட்ட மூச்சு விடாதே மச்சான். நல்ல நாளும் அதுவுமா ஆசையா பொட்டு வச்சிருக்கா," என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாய். அதற்கப்புறம் கட்டையைப் பற்றி எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். "கடையில ஸ்டாக் இல்ல. சத்தம்தானே? அதெல்லாம் பிடிக்குது பிடிக்குது."

நானும் நம்பினேன். ஆனால் தோட்டத்துத் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் செங்குத்தான இறக்கம் வந்தால் மட்டும் நீ சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தாய். நான் கீழே நின்று, "பயந்தாங்கொள்ளி!" என்று கத்துவேன். தோட்டத்துக் கேட்டில் காவலுக்கு இருக்கும் ஜாகா அண்ணனிடம்கூட, "என் மச்சானுக்கு வயசாயிடுச்சுண்ணே," என்று சொல்லிச் சிரித்தேன். பக்கத்தில் நின்று நீயும் சிரித்தாய். ஏன் சிரித்தாய், மச்சான்?

நீ போனதிலிருந்து நான் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. போன ஞாயிறு அதே ஜாகா அண்ணன் தடுப்புக் கம்பைத் தூக்கிவிட்டு, "என்ன ஒத்தையா வர்றீங்க, கூட்டாளி எங்க?" என்று கேட்டார். "வரல," என்றேன். அப்படியே பெடலை மிதித்து உள்ளே போய்விட்டேன்.

சமதரையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த இறக்கத்தில் விட்ட பிறகுதான் தெரிந்தது. முன்பிரேக்கை இழுத்துப் பிடிக்கிறேன், கத்துகிறதே தவிர நிற்கவில்லை. பின்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் செம்மண்ணில் வழுக்குகிறது. செம்பனை மட்டைகளை வெட்டிப் போட்டிருந்த குவியலில் போய் மோதித்தான் நின்றேன். முழங்கை சிராய்ந்துவிட்டது, அது கிடக்கட்டும். மிச்ச இறக்கத்தை உன்னைப் போலவே தள்ளிக்கொண்டு இறங்கினேன். உனக்குப் பயமில்லை மச்சான், பிரேக்தான் இல்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் உன்னைக் கேலி பேசிய இந்த வாயை நான் என்ன செய்ய?

மட்டை முள் ஏறி டயரில் காற்று இறங்கியிருந்தது. டியூப் மாற்றலாம் என்று உன் சீட்டுக்குக் கீழே தொங்கும் சின்னப் பையைத் திறந்தேன். மடித்த டியூப், டயர் நெம்பும் குச்சி இரண்டு, அட்டைக்கடிக்கு ஒரு பொட்டலம் உப்பு. அடியில் ஒரு பாக்கெட். புதுப் பிரேக் கட்டை ஒரு ஜோடி, பிரிக்காமலே இருந்தது. பாக்கெட்டின் மூலைகள் நைந்துபோயிருந்தன. ஸ்டாக் இல்லை என்றாயே? எத்தனை ஞாயிறு இதைச் சுமந்துகொண்டே அந்த இறக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தாய்? எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது.

கோபத்தோடுதான் டியூபை மாற்றிவிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். கேட்டருகே பழக்கத்தில் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். கீச்சென்று அதே சத்தம். உள்ளே அடுப்பில் தோசைக்கல் ஏறுகிற ஓசை கேட்டது. மாவு விழுந்து சுர்ரென்றது. கரண்டியும் கையுமாகச் செல்வி வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். கரண்டியிலிருந்து மாவு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மறந்துட்டேண்ணே," என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். "ஞாயித்துக்கிழமைன்னா இந்தச் சத்தம் கேட்டாத்தான் கல்ல வைப்பேன். அவருக்கு ஆறிப்போன தோசை ஆகாது. வர்றப்ப போன் அடிக்க வேணாம், உங்க சைக்கிளே சொல்லிடுதுன்னு ஒரு நாள் சொன்னேன். அன்னிக்கு ரொம்ப நேரம் சிரிச்சாரு."

பாக்கெட் என் கையில்தான் இருந்தது. உனக்குக் கொடுத்த சத்தியத்தை அங்கேயே மீறினேன், மச்சான். சந்தனம், எண்ணெய், இறக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "பைத்தியக்கார மனுசன்! ஒரு தோசைக்காகவா?" என்று உன்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். உள்ளே தோசை கருகிக்கொண்டிருந்தது.

அப்புறம் பாக்கெட்டை வாங்கிப் பல்லால் கடித்துப் பிரித்தாள். "மாத்துண்ணே. இப்பவே மாத்து. நீயும் போயிட்டா நான் யார்கிட்ட போவேன்?"

மாற்றினேன். தகட்டை அவளே வெள்ளைத்துணியால் நாலு தடவை துடைத்தாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்தேன். சத்தமே இல்லாமல் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். உன்னை மறுபடியும் அனுப்பிவைத்த மாதிரி இருந்தது எனக்கு.

பயந்தாங்கொள்ளி என்று சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. வருகிற ஆயுத பூஜைக்குப் பொட்டு ஹேண்டிலில்தான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் உன் சைக்கிளில்தான் போவேன். ஜாகா அண்ணனிடம் உன்னைப் பற்றி உள்ளதைச் சொல்வேன். திரும்பி வந்ததும் உன் வீட்டுக் கேட்டில் நின்று, "செல்வி, கல்ல வை!" என்று நானே கத்துவேன். உன் பிரேக் அளவுக்கு என் தொண்டை வராது. ஆனாலும் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு அணையாது, மச்சான்.

என்றும் உன் பின்னாலேயே வரும்,
செல்வியின் அண்ணன், உன் மச்சான்
ரவி