பெயர் மட்டும் இருந்த கோப்பு

மாப்ள,

இன்று காலை வாடைக்காற்றில் மின்சாரம் போய் வந்ததும், மீனவர் சங்கத்து அறைக் கணினி மறுபடி அதே வரியில் வந்து நின்றுவிட்டது: ஐநோடு கிடைக்கவில்லை, இந்தப் பதிவை நீக்கலாமா? விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். வன்தட்டை நகலெடுக்கப் போட்டிருக்கிறேன். நல்லவேளை, இன்று படகெல்லாம் கரையில்தான் நிற்கிறது. நகல் முடியும்வரை உனக்கு எழுதுகிறேன்.

திருப்பாலைக்குடிப் படகுகள் கடலில் எங்கே நிற்கின்றன என்பது இந்தக் கணினியில்தான் பதிவாகும். நீ அதை நம்பியதே இல்லை. "ஏலே, கடல்ல கெடக்குறது நானு. எங்கன நிக்கிறேன்னு ஒன் பெட்டி சொல்லுமாக்கும்?" என்று சிரிப்பாய்.

அந்தப் புயலில் நீயும் உன் மச்சினனும் கரை திரும்பவில்லை. கைபேசியில் கூப்பிட்டும் எடுக்கவில்லை. மின்சாரம் வெட்டி வெட்டி வந்ததில் கணினியின் தட்டு கெட்டிருந்தது. தேடப் போகிறவர்கள் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார்கள். உன் மனைவி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். உன் படகின் பெயர் வந்தது. அந்தக் கோப்பு தட்டில் எங்கே கிடக்கிறது என்று காட்ட வேண்டிய ஐநோடு மட்டும் வரவில்லை.

"பேரு தெரியுதேண்ணே. பெறகென்ன?"

"பேரு இருக்கு தங்கச்சி. எடந்தான் தெரியல."

நீக்கலாமா என்று திரை கேட்டது. சரியென்று தட்டினால் அந்தப் பெயரும் போய்விடும். கெட்ட தட்டில் கை வைத்து எல்லாமே அழிந்துவிட்டால்? நகலெடுக்கத் தொடங்கினேன். வெளியே, "வெரசா சொல்லுடா, இருட்டப் போகுது" என்று கத்தினார்கள். நகல் ஊர்ந்தது. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், மாப்ள.

நகலில் சரிபார்த்ததும், பெயரில்லாத கோப்புகள் தனியாக ஓரிடத்தில் வந்து குவிந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றில் உன் படகின் பதிவெண் இருந்தது. அதன் கடைசி வரியில், நீ நின்ற இடம்.

படகுகள் பறந்தன. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு உன் மச்சினன் உயிரோடு கிடந்தான். நீ இல்லை.

"மச்சான் இப்பத்தாண்ணே கைய விட்டாரு, இப்பத்தான்" என்று கரையில் உருண்டு அழுதான்.

நகலெடுக்காமல் துணிந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா, இல்லை அவனையும் பறிகொடுத்திருப்போமா? யாரிடம் போய்க் கேட்பேன்?

உன் மனைவி இப்போதும் வருகிறாள். "இன்னொருக்கா பாருண்ணே, அதுக்குப் பெறகு ஏதாச்சும் இருக்கும்" என்கிறாள். அந்த வரிக்குப் பிறகு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் திறந்து காட்டுகிறேன். அவள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இல்லை என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, மாப்ள.