மூன்றாவது ஷிப்டும் சபாபதியும்

2025 மே 4, ஞாயிறு. கிள்ளான்

சங்கக் கூட்டம். எங்கள் சங்கம் நடத்தும் டயாலிசிஸ் மையத்தில் எட்டு இயந்திரங்கள், நாளுக்கு மூன்று ஷிப்ட். மின்கட்டணம் இப்படியே போனால் மூன்றாவது ஷிப்டை மூட வேண்டியதுதான் என்றார் தலைவி டாக்டர் நேசம்மா. வழி இருக்கிறதாம்: கூரையில் சோலார். மிஞ்சும் மின்சாரத்தைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் அரசுத் திட்டம். ஜூன் கடைசிவரைதான், அதுவும் அரசு ஒதுக்கிய கோட்டா தீராமல் இருந்தால்.

யோசனையைக் கொண்டுவந்தவர் சபாபதி.

அதே சபாபதிதான். 2009இல் புத்ராஜெயாவில், அரசின் மின்துறையில் என் மேலதிகாரி. நிலக்கரி மின்சாரம் தானாக மலிவாகிவிடவில்லை, அந்த மின்நிலையங்களுக்கு ஒப்பந்தத்தில் இருபத்தைந்து ஆண்டு வருமானத்தை உறுதி செய்திருக்கிறோம்; அதே உறுதியைச் சூரியனுக்கும் கொடுத்தால் நாட்டின் மின்சாரமே வேறு மாதிரி ஆகும் என்று நான் எழுதிய பக்கத்தைத் துறை அறிக்கையிலிருந்து உருவி எடுத்தவர். "இது பாலிசி விஷயம் லா, அருணன். நம்ம வேலை நம்பர் மட்டும்."

இப்போது சோலார் கம்பெனிக்கு ஆலோசகர்!

மே 11

நேசம்மா என்னைக் கேட்டார்: "அருணன், நீங்கதான் இந்த லைன்ல இருந்தவர். போடலாமா?"

சோலார் பலகை விலை வருடாவருடம் இறங்குகிறது, ஆறு மாதம் பொறுப்போம் என்றேன். கணக்கில் பிழையில்லை.

சபாபதி குறுக்கிட்டார். "வெல இறங்கும்பா. கோட்டா நமக்காக காத்திருக்குமா?"

"கமிஷன் வாங்குறவருக்கு அவசரம் இருக்கத்தானே செய்யும், பாஸ்."

அறையே சிரித்தது. முடிவை ஒத்திவைத்தார்கள். சபாபதியின் முகம்! பதினாறு வருடம் காத்திருந்தேன் அதற்கு.

மே 12

நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 17

கோட்டா தீர்ந்துவிட்டது. நேசம்மா போனில் "பரவால்ல அருணன்" என்றார். திட்டியிருக்கலாம்.

எனக்குத் தெரியாதா? விலை எவ்வளவு இறங்கினாலும், அரசு எந்தக் கதவை எத்தனை நாள் திறந்து வைக்கிறது என்பதுதான் முடிவு செய்யும். இதைத்தானே அந்தப் பக்கத்தில் எழுதினேன்? அந்த சபாபதி வாயால வந்துச்சுன்னுதானே வேணாம்னேன் — வேற என்ன காரணம் இருந்துச்சு?

ஜூலை 9

புதுத் திட்டம் வருமாம். எப்போது, என்ன விலைக்கு, யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 1

மூன்றாவது ஷிப்ட் நின்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் எட்டெட்டுப் பேராக வந்த பதினாறு நோயாளிகள். சபாபதி என்னைப் பார்த்து வழக்கம்போல் தலையசைத்துவிட்டுப் போனார். திட்டித் தொலைத்திருக்கலாம்.

செப்டம்பர் 8, திங்கள்

பதினாறு பேரில் ஒருவரான இராஜம்மா அக்காவுக்குச் சுபாங் ஜெயாவில் வேறொரு மையத்தில் இடம் கிடைத்தது, போக வண்டி இல்லை. இன்று காலை ஐந்தரைக்கு என் காரில் அழைத்துப் போனேன்.

"நல்ல மனசு தம்பி ஒங்களுக்கு. அந்த சோலார வேணாம்னு எவனோ தடுத்துட்டானாமே, நாசமாப் போறவன். யாருன்னு தெரியுமா?"

"தெரியும்க்கா."

"ஒரு நாள் காட்டுங்க. நாலு வார்த்த கேக்கணும்."

டோல் சாவடியில் நீண்ட வரிசை. புதன்கிழமை அவரது அடுத்த டயாலிசிஸுக்கு ஐந்தே காலுக்கே கிளம்ப வேண்டும்.