எண்பத்தெட்டாம் பக்கம்

ஜெலாப்பாங்
3.3.2024

அன்பு மச்சான் கனகராஜுக்கு,

சர்க்கரை குறைந்ததா? போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

நம் ரப்பர் தோட்டத்தைப் பற்றி நீ எழுதிய புத்தகத்தை ஏதோ நூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறது. என் மகன் சுரேன் விளையாட்டாக அதில் அப்பன் பெயரைத் தட்டித் தேடினான். எண்பத்தேழாம் பக்கத்திலிருந்து மூன்றே வரி வந்தது: ‘போராட்டத்தில் ரப்பர் பாலைக் கொட்டியவர்கள் பெயரைத் துரையிடம் கொடுத்தது சன்னாசிதான் என்று லயமே பேசியது. பத்துமலைக்கு வேலையும் வீடும் போயின. அவன் தூக்கில்…’

பத்துமலை என் மனைவி இருளாயிக்கு அண்ணன். அன்று லயத்து வீடுகளில் பேசியதை அவள் நம்பவில்லை. இப்போது, “அச்சுலயே வந்துருச்சு, இனி என்னா பேச்சு” என்று சுரேனோடு லகாட்டில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அழுகையாக வருகிறது, மச்சான்.

அந்தப் பேச்சு பொய் என்பது அடுத்த பக்கத்தில் தெளிவாக இருக்கிறது என்று வெளியீட்டு விழாவில் சொன்னாயே. எனக்குத்தான் ஒரு பிரதிகூடத் தரவில்லை. அந்தப் பக்கத்தை அனுப்பு.

உன் சன்னாசி

காம்பார்
20.3.2024

அன்பு சன்னாசி,

என்னைக் கேட்காமலே ஸ்கேன் செய்துவிட்டார்கள். பதிப்புரிமை மீறல் என்று சண்டை போட்டேன். தேடுகிற சொல்லைச் சுற்றி மூன்று வரி காட்டுவது நியாயமான பயன்பாடாம், அனுமதி வேண்டாமாம். முழுப் பக்கம் திறக்க மட்டும் என் கையெழுத்து வேண்டும். ஒரு பக்கம் கொடுத்தால் முழுப் புத்தகமும் போய்விடும், மச்சான். என் பிரதி எந்தப் பெட்டியிலோ கிடக்கிறது. தேடுகிறேன். தங்கச்சியைச் சமாதானப்படுத்து.

கனகராஜ்

ஜெலாப்பாங்
9.4.2024

மச்சான்,

உன் உழைப்பு, உன் உரிமை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று வரியை ஊருக்குக் காட்டிவிட்டு நாலாவது வரியைப் பூட்டினால் நான் எங்கே போவேன்?

இருளாயி ஈப்போ பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள். இருதயம். போய் நின்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சீக்கிரம் அனுப்பு.

சன்னாசி

காம்பார்
4.5.2024

சன்னாசி,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பக்கம் திறந்துவிட்டது. நகலும் இதோடு இருக்கிறது.

பெயர்களைக் கொடுத்தது நான். அதைத்தான் அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். முந்நூறு பிரதிதானே என்ற தைரியத்தில் எழுதினேன். இணையத்தில் என் பேத்தி படித்துவிடுவாளே என்று பயந்துதான் உரிமை, அது இது என்று பேசினேன். பிரதி மேசையில்தான் இருந்தது. மன்னித்துவிடு, மச்சான். தங்கச்சிக்கு உடனே படித்துக் காட்டு.

கனகராஜ்

ஜெலாப்பாங்
14.5.2024

கனகராஜ் அவர்களுக்கு,

நகல் கிடைத்தது. இருளாயி ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதியே போய்விட்டாள். நேற்று கருமகாரியம். அவள் படத்துக்கு முன்னால் சுரேன் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தான். முடித்துவிட்டு என்னை “அப்பா” என்று கூப்பிட்டான். இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பேத்தி பார்ப்பாள் என்று பயந்தீர்களே, வேண்டுமானால் பக்கத்தைத் திரும்பப் பூட்டிக்கொள்ளுங்கள். நான் ஒருத்திக்காகத்தான் திறக்கச் சொன்னேன்.

சன்னாசி